மேல உமேடா, கீழ உமேடா: ஒசாகாவை நண்பர்களோடு சுற்றிப் பார்க்கும் முறை

மதுரையில் ஒருவர் "பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு" என்று சொன்னால், கேட்பவர் உடனே "பெரியாரா, மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா?" என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்கப் பழகியவருக்கு ஒசாகா நகரில் பாதி வேலை முடிந்த மாதிரிதான். சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்த நான், அங்கே படிக்கப் போன முதல் மாதத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு உமேடா நிலையத்தில் சந்திப்பதாக நால்வரும் பேசிவைத்தோம். நால்வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் நான்கு வெவ்வேறு இடங்களில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஒசாகாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் இப்போது என்னைத் தேடி வந்து வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

உமேடா என்பது ஒரு நிலையத்தின் பெயரன்று; ஒரு பகுதியின் பெயர். அங்கே ஜே.ஆர். என்ற ரயில் நிறுவனத்தின் ஒசாகா நிலையமும் கிதாஷின்சி நிலையமும் இருக்கின்றன. ஹான்க்யூ, ஹான்ஷின் என்ற இரு தனியார் ரயில் நிறுவனங்களும் ஆளுக்கொரு நிலையம் வைத்திருக்கின்றன. அவை இரண்டுக்கும் 2019 முதல் ஒசாகா-உமேடா என்ற ஒரே பெயர்தான். இவை போதாவென்று மெட்ரோவுக்கு உமேடா, நிஷி-உமேடா, ஹிகாஷி-உமேடா என மூன்று நிலையங்கள். ஆக மொத்தம் ஏழு. இந்த ஏழையும் சுரங்க நடைபாதைகளும் நிலத்தடிக் கடைவீதிகளும் இணைக்கின்றன. உள்ளே இறங்கிவிட்டால் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது. கைப்பேசி வரைபடத்தில் நம்மைக் குறிக்கும் நீலப் புள்ளியும் திசை தெரியாமல் தடுமாறும்.

இங்கேதான் மதுரைப் பழக்கம் கைகொடுக்கும். மேல மாசி வீதி, கீழ மாசி வீதி, வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி என்று திசையை வைத்தே தெருவைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மேற்கை மேல என்றும் கிழக்கை கீழ என்றும் சொல்வது நமக்கு மூச்சு விடுவது போன்றது. ஜப்பானிய மொழியில் நிஷி என்றால் மேற்கு, ஹிகாஷி என்றால் கிழக்கு. அப்படியானால் நிஷி-உமேடா என்பது மேல உமேடா. ஹிகாஷி-உமேடா என்பது கீழ உமேடா. இதை இப்படிப் பெயர்த்துச் சொன்ன நாளிலிருந்து எங்கள் குழுவில் யாரும் நிலையம் மாறிப் போய் நிற்கவில்லை. கிதா என்பது வடக்கு, மினாமி என்பது தெற்கு, சூவோ என்பது நடு. வாசலைக் குறிக்கும் சொல் குச்சி. சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் மறக்கவே மாட்டார்கள். இந்த ஆறு சொற்களையும், அவற்றுக்குரிய ஏழு சித்திர எழுத்துகளையும் விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு தாளில் நூறு முறை எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். மற்ற எழுத்துகளை அங்கே போய்ப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளலாம்.

சந்திக்கும் இடத்தைக் குறிக்கும்போது நிறுவனத்தின் பெயர், நிலையத்தின் பெயர், வாசலின் பெயர் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும், "ஜே.ஆர். ஒசாகா நிலையம், மிதோசுஜி-குச்சி, பயணச்சீட்டு வாயிலுக்கு வெளியே" என்று எழுதினால்தான் அது முகவரி. உள்ளேயா வெளியேயா என்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் வாயிலுக்கு உள்ளே நிற்பவரும் வெளியே நிற்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைக்கலாமே தவிர, சேர முடியாது. ஹான்க்யூ நிலையத்துக்குக் கீழே புத்தகக் கடையின் முன்னால் இருக்கும் பெரிய திரையை பிக்மேன் என்பார்கள். ஊரே அங்கேதான் காத்து நிற்கும். நம்மூரில் எல்லோரும் விளக்குத்தூணில் நிற்பதைப் போன்றது அது. அங்கே நண்பரைக் கண்டுபிடிப்பதற்குள் படம் தொடங்கிவிடும்.

நகரத்தை மனத்தில் பதிப்பதற்கு இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும் போதும். வடக்கே உமேடா, தெற்கே நம்பா, இரண்டையும் சேர்க்கும் மிதோசுஜி சாலை. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமும் 44 மீட்டர் அகலமும் கொண்ட இந்தச் சாலை 1937இல் கட்டி முடிக்கப்பட்டது. வழியிலிருக்கும் வடக்கு மிதோ, தெற்கு மிதோ என்ற இரு புத்தக் கோயில்களால் இதற்கு இந்தப் பெயர் வந்தது. கோயிலை வைத்துத் தெருவை அறிவது நமக்குப் புதிதன்று. ஒசாகாவில் வடக்கு தெற்காக ஓடும் தெருவுக்குப் பொதுவாக சுஜி என்றும், கிழக்கு மேற்காக ஓடும் தெருவுக்கு தோரி என்றும் பெயர் முடியும். மதுரையின் பழைய தெருக்கள் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தவை. ஒசாகாவின் நடுப்பகுதியோ தாயக் கட்டம் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டது. மிதோசுஜியில் வாகனங்கள் 1970 முதல் தெற்கு நோக்கி மட்டுமே ஓடுகின்றன. எனவே வழி தவறியவர் அந்தச் சாலைக்கு வந்து, கார்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தாலே போதும்: அது நம்பாவின் திசை.

முதல் சனிக்கிழமை இந்தச் சாலையை நடந்தே கடந்துவிடுங்கள் என்பேன். அதே சாலைக்கு அடியில், 1933இல் தொடங்கிய சிவப்பு நிற மெட்ரோ தடம் ஒன்பது நிமிடத்துக்குள் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் சுரங்கத்துக்குள் போகிறவருக்கு நிலையங்களின் பெயர்கள்தான் தெரியும், ஊர் தெரியாது. உமேடாவிலிருந்து தெற்கே நடந்தால் முதலில் ஆறு வரும். இரண்டு கிளைகளாகப் பிரிந்த ஆற்றின் நடுவே நகானோஷிமா என்ற தீவும், அதில் மாநகராட்சிக் கட்டடமும் இருக்கும். அடுத்தது யோதோயாபாஷி. பாஷி என்றால் பாலம். ஊர்ப்பெயர் பாஷி என்று முடிந்தால் அங்கே ஒரு பாலம் இருக்கிறது, அல்லது ஒரு காலத்தில் இருந்தது. பிறகு ஹொம்மாச்சியின் அலுவலகக் கட்டடங்கள், அதன்பின் ஷின்சாய்பாஷியின் கூரை வேய்ந்த கடைவீதி, கடைசியில் டோட்டோன்போரிக் கால்வாய். 1615இல் வெட்டி முடிக்கப்பட்ட அந்தக் கால்வாயின் ஓரத்தில், கைகளை உயர்த்தி ஓடும், கிளிகோ மிட்டாய் நிறுவனத்தின் விளம்பர வீரனின் கீழ் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே யாரையும் சந்திப்பதாக மட்டும் பேசிவைக்க வேண்டாம், மாலை வேளையில் அந்தப் பாலம் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை நினைவூட்டும். நவம்பர் இறுதியில் போகிறவர்களுக்குச் சாலையோர கிங்கோ மரங்கள் முழுவதும் மஞ்சளாகி நிற்கும் காட்சி கூடுதல் பேறு.

குழுவில் நால்வர் இருப்பது நல்லது. ஐந்தாவது ஆள் சேர்ந்தாலே சிறிய உணவகங்களில் ஒரே மேசையில் இடம் கிடைக்காது; எட்டுப் பேராகப் போனால் ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவருக்காகக் காத்து நின்றே நாள் கழியும். நால்வரில் ஒருவராவது ஜப்பானியராகவோ, நம் மொழி தெரியாத வேறு நாட்டவராகவோ இருக்கட்டும். தமிழ் நண்பர்களாகவே சேர்ந்து போனால் நாள் முழுவதும் தமிழிலேயே பேசிவிட்டுத் திரும்புவோம். அதற்கு அழகர்கோவிலுக்கே போயிருக்கலாம். ஜப்பானிய நண்பரிடம் ஒரு திட்டத்தைச் சொல்லும்போது அவர் "சோத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால், அது "கொஞ்சம் யோசிக்கிறேன்" என்பதன்று, "வேண்டாம்" என்பது. வற்புறுத்தாமல் அடுத்த யோசனைக்குப் போய்விட வேண்டும்.

பயணச் செலவில் மாணவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பலர் அதை முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. வீட்டு நிலையத்திலிருந்து கல்வி நிலையம் வரை சலுகை விலையில் தெய்கி என்ற பருவச்சீட்டு வாங்கலாம். அதற்குக் கல்வி நிறுவனத்தின் சான்று வேண்டும். அந்தச் சீட்டு இருக்கும்வரை இடையிலுள்ள எந்த நிலையத்திலும் கூடுதல் கட்டணமின்றி இறங்கி ஏறலாம். முதல் இரண்டு மாதங்கள் புகழ்பெற்ற இடங்களைத் தேடி ஓடாமல், வாரம் ஒரு நிலையமாக இறங்கி அங்கிருக்கும் கடைத்தெருவைச் சுற்றிப் பாருங்கள். நான் ஒசாகாவைக் கற்றது அப்படித்தான். மற்றபடி, பணம் நிரப்பிப் பயன்படுத்தும் இகோகா என்ற பயண அட்டை ஆளுக்கொன்று வேண்டும். நம் டவுன் பஸ்ஸில் "நாலு டிக்கெட்" என்று ஒருவரே நீட்டி வாங்குவது போல ஓர் அட்டையில் நால்வர் நுழைய முடியாது. 2000 யென் கொடுத்தால் அதில் 500 வைப்புத்தொகை போக 1500 பயணத்துக்குக் கிடைக்கும். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 190 யென். வார இறுதியில் 620 யென்னுக்கு வாங்கிய ஒரு நாள் சீட்டு, நான்கு முறை ஏறி இறங்கினாலே எனக்குக் கட்டுப்படியானது. ஆனால் அது மெட்ரோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் மட்டும்தான். அதைக் காட்டி ஜே.ஆர். வண்டியிலோ ஹான்க்யூவிலோ ஏற முடியாது. மெட்ரோவின் மூன்று உமேடா நிலையங்களுக்குள் தடம் மாறுகிறவர் வெளியே வந்து 30 நிமிடத்துக்குள் அடுத்ததில் நுழைந்துவிட்டால் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். வழியில் கடை பார்த்து நின்றால் புதிதாகக் கட்டணம் விழும்.

வண்டியின் வகையைப் பார்க்காமல் ஏறக் கூடாது. ஃபுத்சூ என்பது எல்லா நிலையங்களிலும் நிற்கும் பாசஞ்சர். கைசோக்கு விரைவு வண்டி. தொக்க்யூ அதிவிரைவு வண்டி. ஜே.ஆர். தொக்க்யூவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஹான்க்யூ தொக்க்யூவின் பொதுப் பெட்டிகளுக்குக் கிடையாது. அதில் கியோட்டோவுக்கு முக்கால் மணி நேரத்தில் சாதாரணக் கட்டணத்திலேயே போய்விடலாம். இது தெரியாமல் என் நண்பன் ஒருவன் பல மாதங்கள் கியோட்டோவுக்கு ஒவ்வொரு நிலையமாக நின்று நின்றே போய்க்கொண்டிருந்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒசாகா வளையத் தடம். சித்திரைத் திருவிழாத் தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்தே தீரும். வளையத் தடத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் அப்படித் திரும்பி வராது. சில வண்டிகள் வளையத்தில் ஓடி வந்து, தென்னோஜியில் பிரிந்து நாராவுக்கோ விமான நிலையத்துக்கோ போய்விடும். பகுதிநேர வேலை முடித்த களைப்பில், சுற்றி வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தபடியே தூங்கிய நான், நாராவில் கண் விழித்தேன். விமான நிலையத்துக்குப் போகும் விரைவு வண்டியிலோ இன்னொரு வேடிக்கை: ஹினேனோ என்ற நிலையத்தில் அந்த வண்டி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி விமான நிலையத்துக்கும் மறுபாதி வாகாயாமாவுக்கும் போகும். ஊரிலிருந்து வரும் அண்ணனையோ நண்பரையோ அழைத்துவரப் போகிறவர்கள் பெட்டியின் கதவருகே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உட்கார வேண்டும்.

நகரும் படிகளில் ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பார்கள், டோக்கியோவில் இடப்பக்கம். ரயில் நிறுவனங்கள் இரு பக்கமும் நின்று செல்லுங்கள், நடக்காதீர்கள் என்றுதான் சொல்கின்றன. முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள். பெட்டிக்குள் கைப்பேசியில் பேசுவது கூடாது. நாம் நால்வர் சாதாரணமாகப் பேசினாலே அங்கே பட்டிமன்றம் போலக் கேட்கும். தெருவில் குப்பைத் தொட்டி கிடைப்பது அரிது என்பதால், தின்றதன் காகிதத்தையும் குடித்த பாட்டிலையும் வீடுவரை சுமக்க வேண்டியிருக்கும்; அதற்கு ஒரு மஞ்சப் பை எப்போதும் முதுகுப்பையில் இருக்கட்டும். மிதிவண்டி வாங்கினால் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே மிதிவண்டியில் இருவர் போவது அங்கே சட்டப்படி தவறு. கண்ட இடத்தில் நிறுத்திவிட்டுப் போனால் எடுத்துச் சென்றுவிடுவார்கள், மீட்பதற்குப் பணம் கட்ட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒசாகாக்காரர்களும் மதுரைக்காரர்களைப் போல நாக்குக்கு வாழ்கிறவர்கள். சொத்தையே அழித்துத் தின்பது என்ற பொருளில் அவர்களுக்குக் குயிதாவோரே என்று ஒரு சொல்லே இருக்கிறது. டோட்டோன்போரியில் தாகோயாக்கி சுடுவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. பெரிய இரும்புப் பலகையில் வரிசை வரிசையாகக் குழிகள். நம் பணியாரச் சட்டியேதான். மாவை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் கணவாய்க்கு உறவான ஆக்டோபஸின் துண்டு ஒன்றைப் போட்டு, கூரான கம்பியால் விளிம்பைக் கிளப்பி ஒரே சுழற்றில் திருப்பிவிடுவார்கள். தட்டில் வைத்து, கரிய குழம்பைத் தடவி, மேலே மரச்சீவல் போன்ற மீன் சீவலைத் தூவினால், அது ஆவியில் உயிருள்ளது போல நெளியும். பணியாரம் என்று நினைத்து முழுதாக வாயில் போட்டுவிடாதீர்கள். உள்ளே மாவு வேகாத கூழாகக் கொதித்துக்கொண்டிருக்கும்; முதல் நாள் என் அண்ணம் வெந்து இரண்டு நாள் காப்பி குடிக்க முடியவில்லை. குச்சியால் குத்திப் பிளந்து, ஆறவிட்டுச் சாப்பிட வேண்டும்.

குஷிகாத்சு என்பது காய், இறைச்சி, மீன் ஆகியவற்றைக் குச்சியில் கோத்துப் பொரித்தது. பொதுக் கிண்ணத்தில் குழம்பு வைத்திருக்கும் கடைகளில் ஒரு குச்சியை ஒரு முறைதான் தோய்க்கலாம், கடித்த பிறகு மறுபடி தோய்க்கக் கூடாது. மற்ற நாட்டு நண்பர்களுக்கு இதை விளக்க நேரம் பிடித்தது. எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கமே தேவையில்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. தாஷி என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் செய்யப்படுகிறது. காய்கறி போட்ட உதோன், சோபா நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். "நிகு மோ சகானா மோ தபெமாசென்" என்றால் இறைச்சியும் சாப்பிடுவதில்லை, மீனும் சாப்பிடுவதில்லை என்று பொருள். நம் மொழியைப் போலவே "உம்" இரண்டு முறை வருகிறது, வினை கடைசியில் வருகிறது. எனவே ஒரு முறை சொல்லிப் பார்த்தாலே மனத்தில் நிற்கும். அதோடு "தாஷி மோ" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, வெள்ளரிக்காயை நடுவில் வைத்துச் சோற்றைச் சுருட்டிய கப்பாமாகி கைகொடுக்கும். உமேபோஷி என்ற உப்பிட்ட புளிப்புப் பழத்தை நடுவில் வைத்த ஒனிகிரி சோற்றுருண்டை, ஊறுகாயோடு கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றுக்கு மிக அருகில் வரும்; உறையின் பின்னால் எழுதியிருப்பதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாதத்தோடு சிறிய டப்பாவில் வீட்டுப் பருப்புப்பொடி கொண்டுபோவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

பணம் கொடுக்கும் நேரத்தில் "நான்தான் கொடுப்பேன்" என்று கல்லாவில் மல்லுக்கட்டும் நம் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும். அங்கே நண்பர்கள் அவரவர் பங்கைச் சில்லறை வரை கணக்கிட்டுக் கொடுப்பார்கள், அது கஞ்சத்தனமன்று. "பெத்சு-பெத்சு தே" என்றால் தனித்தனியாக என்று பொருள். கூட்டமான கடைகளில் ஒரே கணக்காகத்தான் வாங்குவார்கள். அப்போது ஒருவர் கொடுத்துவிட, மற்றவர்கள் கடைக்கு வெளியே வந்ததும் அவரிடம் தந்துவிட வேண்டும், அடுத்த நாள் தருகிறேன் என்று சொல்லக் கூடாது. அன்பளிப்புக் காசு வைக்கும் வழக்கம் இல்லை. மேசையில் சில்லறையை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிக் கடைக்காரர் தெருவில் ஓடிவந்து கொடுப்பார். ஓட்டை போட்ட 5 யென் நாணயங்களைச் செலவழிக்காமல் சேர்த்துவையுங்கள்: கோ-என் என்ற அதன் ஒலிப்பு நல்ல தொடர்பு என்ற பொருளையும் தருவதால், கோயில் உண்டியலில் அதைத்தான் போடுகிறார்கள். 593இல் நிறுவப்பட்ட ஷிதென்னோஜிக்கும், சுமியோஷி தைஷாவுக்கும் போகும்போது உதவும்.

ஜூலை 24, 25 ஆகிய நாள்களில் தென்ஜின் திருவிழா. இரண்டாம் நாள் மாலை சுவாமி படகேறி ஆற்றில் பவனி வருவார், வாணவேடிக்கை நடக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் அச்சம் தராது. ஆனால் கூட்டத்தில் கைப்பேசித் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் போகலாம் என்பதால், பிரிந்துவிட்டால் எந்த வாசலில் எத்தனை மணிக்குச் சேர்வது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். நிலநடுக்கத்தில் ரயில்கள் நின்றுபோகும் நாளுக்கும் இதே ஏற்பாடுதான் உதவும். 2018 ஜூனில் ஒசாகாவின் வடபகுதியில் நடந்ததைப் போல அது வேலை நாள் காலையிலும் வரலாம். வசிப்பிட அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. பொருள் தொலைந்தால் கோபான் என்ற சிறிய காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தூங்கா நகரத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. இரவு ஒரு மணிக்கு இட்லியும் பரோட்டாவும் கிடைக்கும் ஊரில் வளர்ந்தவர்கள், டோட்டோன்போரியின் விளக்குகளைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். விளக்கு எரியும், கடை திறந்திருக்கும், ஆனால் ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்குவது அதிகாலை ஐந்து மணி வாக்கில்தான். கடைசி வண்டிக்கு ஷூடென் என்று பெயர். நால்வருக்கும் ஷூடென் நேரம் வெவ்வேறாக இருக்கும். தடம் மாறிப் போகிறவருக்கு அது இன்னும் முன்னதாகவே முடிந்துவிடும். மாலையில் சந்தித்த உடனேயே நால்வரின் நேரத்தையும் பார்த்து, எல்லாவற்றிலும் முந்தியதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே கலைந்துவிடுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அதற்கு முன் ஒரு முறை தவறவிட்டு, டாக்சிக்குக் கொடுக்கப் பணமில்லாமல், கரோக்கே அறையொன்றில் ஐந்து மணி வரை பழைய பாட்டுகளைப் பாடித் தொண்டை கட்டிப்போய் வகுப்புக்குப் போயிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் "சேர்ந்துவிட்டேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அங்கே இரவு பத்து மணி என்றால் மதுரையில் மாலை ஆறரை. அம்மா விளக்கேற்றிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், அவருக்கும் அப்போதே பேசிவிடலாம்.